லாரியில் மாறிப்போனவை

கிளிஞ்சல்சூளைத் தெருவை இடித்த அன்று மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, சந்து குறுகலாக இருந்ததால் உள்ளே வந்த லாரிகள் திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியேற வேண்டியிருந்தது, பொழுது சாய்வதற்குள் காலி செய்துவிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது, அதனால் யார் சாமான் யார் லாரியில் ஏறுகிறது என்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. ஊருக்கு வெளியே, சதுப்பு நிலத்தையும் தாண்டி, ஒரே நிறத்தில் ஒரே உயரத்தில் நின்ற அடுக்குமாடிகளின் முன்னால் இறங்கிப் பார்த்தபோது ஒரு வீட்டுக் கட்டிலின் சட்டம் மூன்றாவது பிளாக்கிலும் அதன் கால்கள் ஏழாவது பிளாக்கிலும் கிடந்தன, இட்லிக்குண்டான் ஒருத்தியிடமும் அதன் தட்டுகள் இன்னொருத்தியிடமும் இருந்தன, அதேபோலத்தான் அவர்களுடைய நினைவுகளும் மாறிப்போயிருந்தன.

அந்தத் தெருவில் கிளிஞ்சலும் இல்லை, சூளையும் இல்லை. எந்தக் காலத்திலோ சுண்ணாம்பு சுட்ட இடத்தில் பேர் மட்டும் நின்றிருந்தது. துறைமுகத்து ரயில் பாதைக்கும் கால்வாய்க்கும் நடுவில், ஒரு சுவரை இரண்டு வீடுகள் பங்கு போட்டுக்கொண்டு, ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீட்டில் தும்முகிற நெருக்கத்தில், மூட்டை தூக்குகிறவர்களும், ஐஸ் கம்பெனியில் மீன் வெட்டுகிற பெண்களும், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர்களும் அங்கே பிள்ளைகுட்டிகளோடு இருந்தார்கள். இப்போது அவர்கள் எட்டு பிளாக்குகளில், மாடிமாடியாக, குலுக்கிப்போட்ட சோழி மாதிரி சிதறிக் கிடந்தார்கள்.

பாத்திரங்களைத் திருப்பிக்கொடுப்பது சுலபமாக முடிந்தது, ஏனென்றால் குடத்தின் கழுத்திலும் தாம்பாளத்தின் அடியிலும் சீர் கொடுத்தவர்கள் பேர் வெட்டித்தான் கொடுத்திருந்தார்கள். நினைவில் யாரும் பேர் வெட்டிவைப்பதில்லை. அதனால் தலைக்குள் வந்து இறங்கியதைத் தன்னுடையது என்றே எண்ணிக்கொண்டு ஆளாளுக்குக் கொஞ்ச நாள் ஓட்டினார்கள்.

தையல்காரர் தேவதாஸ்தான் முதலில் சந்தேகப்பட்டார். புது வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார், கேட்டவர்களிடம் தனக்குப் பிரசவமான ஞாபகம் வந்து வந்து படுத்துவதாகவும், பிள்ளை தலைக்குப் பதில் கால் முன்னால் வந்ததாகவும், ஆயாவின் கையில் புகையிலை மணத்ததாகவும் மறைக்காமல் சொன்னார். எதிர் பிளாக் அலமேலு இதைக் கேள்விப்பட்டு மாடியேறி வந்தாள். இரண்டாவது மகன் கண்முன்னால் ஆளாகி நிற்கிறான், அவனைப் பெற்றது மட்டும் துடைத்துவிட்டாற்போல் இல்லை, யாரிடம் போயிற்றோ என்று தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். தேவதாஸ் மெஷினை நிறுத்திவிட்டு, முதல் வலியிலிருந்து தொப்புள்கொடி அறுத்ததுவரை ஒன்று விடாமல் சொல்லிமுடித்தார். முடித்ததும் அவர் இடுப்பு நிமிர்ந்துகொண்டது. அலமேலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே, அவசரமில்லை, இன்னும் கொஞ்ச நாள் நீங்களே வைத்திருந்திருக்கலாம் என்றாள்.

இப்படித்தான் அதன் வழிமுறை எல்லோருக்கும் தெரிந்தது. வைத்திருப்பவர் உரியவரின் எதிரே உட்கார்ந்து முழுக்கச் சொல்லிவிட்டால் அது அவரை விட்டு உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். வெட்கப்பட்டோ இரக்கப்பட்டோ எதையாவது விட்டுவிட்டால் அந்தத் துண்டு மட்டும் சொன்னவரிடமே தங்கிவிடும். சொன்னவருக்கு, ஏதோ கொடுத்தோம் என்பது நினைவிருக்கும், என்ன கொடுத்தோம் என்பது இருக்காது. உரியவர் தன்னுடையதை அப்புறம் ஊருக்கெல்லாம் சொன்னாலும் அது அவரை விட்டு எங்கேயும் போகாது. கேட்பவருக்கு அது கேட்ட கதை, அவ்வளவுதான்.

லிஃப்ட் ஓடுகிறதா, தண்ணீர் ஏறுகிறதா என்று விசாரிக்க வந்த அதிகாரியிடம் இதைச் சொன்னபோது, லிஃப்டையும் தண்ணீரையும் பற்றிக் கேட்கத்தான் தன்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர் பணிவாகவே சொன்னார். கங்கையம்மன் சிலையை லாரியில் குப்புறக் கவிழ்த்து ஏற்றியதால் வந்த வினை என்றார் பூசாரி. யார் என்ன சொன்னாலும் திருப்பிக்கொடுக்கிற வேலை நடந்தாக வேண்டியிருந்தது, அதனால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் மேல்நிலைத் தொட்டியின் நிழலில் எல்லோரும் கூடினார்கள். பூ விற்கிறவள் கூடையோடு வந்தாள், சுண்டல்காரன் வந்தான். ஒருவர் எழுந்து நின்று, மழையில் ஒரு பச்சைக் கதவு, உள்ளே ஒரு குழந்தை இருமுகிறது, யாருடையது என்று கேட்பார், கூட்டத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து யாராவது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வருவார்கள். சண்டையும் வந்தது. தாலி கட்டிய நாளில் மணப்பெண் மனசில் வேறு யார் இருந்தார் என்பது மணமகனின் தம்பியிடமே போய்ச் சேர்ந்திருந்தது, அந்த வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. பசியோடு தன் வாசலில் வந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரியைத் தானே விரட்டியதை அவளுடைய கண்ணால் பார்க்க நேர்ந்த மகாலிங்கம் அதை அவளிடம் சொல்லி ஒப்படைத்தார், ஒப்படைத்ததும் மறந்துபோனார், ஆனால் அதற்குப் பிறகு அவளை எங்கே பார்த்தாலும், ஏன் என்று தெரியாமலே, சாப்பிட்டாயா என்று கேட்கத் தொடங்கினார். கடைசி வீட்டுச் சாமுவேல் இடம்பெயர்ந்த வாரத்திலேயே செத்துப்போனதால், கப்பலிலிருந்து கிரேனில் கட்டி இறக்கிய யானை ஒன்று வானத்தில் காலை உதைத்துக்கொண்டிருந்த காட்சி ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்ணிடம் உரியவர் இல்லாமல் நின்றுவிட்டது. அவள் அதை வைத்துக்கொண்டே வளர்ந்தாள்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு ஆள் மட்டும் வராமலே இருந்தார். அவர் பேர் வேதகிரி.

வேதகிரி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பெரும்பாலும் இரவு ஷிப்ட், பகலில் தூக்கம், நடுவில் சாப்பாடு, இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் போயிற்று. பேச்சு கிடையாது. குடியும் கிடையாது, கை நீட்டியதும் கிடையாது, அந்த விஷயத்தில் தெருவே அவரை உதாரணமாகச் சொல்லும். பிள்ளை இல்லை. மனைவி சம்பூரணம் தெரு இடிபடுவதற்கு நாலு வருஷம் முன்பு ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போய்விட்டாள், போன பிறகுதான் வீட்டில் அதுவரை இருந்தது என்னவென்று தெரியாமல் அது இல்லாததை மட்டும் அவர் உணர்ந்தார். அவளை நினைத்துப் பார்க்க உட்கார்ந்தால் எதுவும் பெரிதாக வராது. வயசாகிவிட்டது, மறக்கிறது என்று எண்ணிக்கொள்வார்.

புது வீட்டில் ஐந்தாவது மாடியில் முதல் நாள் காலை கண் விழித்தபோது, சம்பூரணம் முழுசாக வந்திருந்தாள்.

குழாயடியில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ரேஷன் கடைக்காரர் மாதிரி மூக்கைச் சுருக்கிப் பேசிக்காட்டினாள். மேட்னி ஷோவுக்குப் போய்விட்டு, பஸ்ஸுக்கு வைத்திருந்ததில் கடலை வாங்கித் தின்றுவிட்டு, வெயிலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள். யாருக்கோ பேய் பிடித்த கதையைச் சொல்லும்போது தானே பயந்து கதவைச் சாத்தினாள். வேதகிரி பாயில் மல்லாந்து கிடந்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார், பார்க்கப் பார்க்க வந்துகொண்டே இருந்தது, இவ்வளவும் தனக்குள் இருந்ததா, இத்தனை காலம் எங்கே போயிருந்தது என்று அவர் கண் நிறைந்தது. நாள்முழுக்க வெளியே போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

அந்த ஞாபகங்களில் அவ்வப்போது ஒரு ஆள் வந்துபோனான். தலையில் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், சந்துக்குள் நுழைந்து நேரே வீட்டுக்குள் போவான். அவன் வந்தால் குழாயடியில் பேச்சு தாழ்ந்துவிடும். இந்த மூஞ்சி எங்கேயோ பார்த்த மூஞ்சியாக இருக்கிறதே என்று வேதகிரி யோசித்தார். ஒரு மத்தியானம் சம்பூரணம் அந்த ஆளை நடித்துக்காட்டினாள்: துண்டைத் தலையில் சுருட்டி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, தட்டை முன்னால் இழுத்து, ஒரு வாய் வைத்துவிட்டு, அடித்தொண்டையில் ‘உப்பு’ என்றாள். அவ்வளவுதான் அவன் வசனம். அப்போதுதான் வேதகிரிக்கு அது தான்தான் என்று புரிந்தது. தன்னைத் தானே வெளியிலிருந்து பார்க்க முடியாதாகையால், இது தன்னுடைய ஞாபகம் அல்ல என்பதும் புரிந்தது.

யாருடையது என்று தேட வேண்டியிருக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இருந்தவள் ரோணிக்கம்மா. ஐஸ் கம்பெனியில் மீன் வெட்டுகிறவள், புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், சம்பூரணத்தின் சிநேகிதி. வேதகிரி பகலில் தூங்கும்போது சுவருக்கு அப்பாலிருந்து சில சமயம் பெண்களின் சத்தம் கேட்கும், தூக்கத்திலேயே கையை நீட்டிச் சுவரை இரண்டு தட்டுத் தட்டுவார், அடங்கிவிடும். இப்போது அதே தட்டல் அவருக்குச் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. இரண்டு பெண்கள் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வருகிற நேரத்தில் சுவர் அதிரும், இருவரும் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வார்கள், சம்பூரணத்தின் தோள் மட்டும் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும். எத்தனையோ மத்தியானங்களில் எத்தனையோ தடவை. ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வாசல்வரை வந்து திரும்பிப் போயிற்று.

ஒரே ஒரு தடவை மட்டும் அது வெளியே வந்தது. ரோணிக்கம்மாவின் தம்பி சைக்கிளைப் போட்டுவிட்டுக் கடலுக்குப் போயிருந்த ஒரு பிற்பகல், இரண்டு பேரும் அதை ரயில் பாதைக்கு அப்பால் இருந்த கரித்திடலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சம்பூரணம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள், ரோணிக்கம்மா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாள், கையை விட்டதும் சைக்கிள் தானாகக் கொஞ்ச தூரம் போயிற்று, அப்புறம் பாலத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி, கரித்தூள் குவியலில் போய்ச் சரிந்தது. முகமெல்லாம் கரியோடு மல்லாந்து கிடந்த சம்பூரணம் வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். தட்டி அடக்கச் சுவர் இல்லாத இடம். அது ஒரு பெரிய சிரிப்பு, தொடங்கும்போது விக்கல் மாதிரி இருந்து, நடுவில் உடைந்து, ஒருவழியாக முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி தொடங்குகிற சிரிப்பு. முப்பது வருஷம் கூட இருந்த வேதகிரி அதை முதல்தடவையாக, வேறொருத்தியின் காதால் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டியடியில் கூட்டம் சேருகிற சத்தம் ஐந்தாவது மாடிக்கு வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் ஜாகிர் வந்தான். சந்து முனையில் ஆட்டோ நிறுத்துகிற பையனாக இருந்தவன், இப்போது இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உட்காரச் சொன்ன இடத்தில் உட்காராமல் நின்றான். பெரியவருடைய பொருள் ஒன்று தன்னிடம் வந்துவிட்டது, ரொம்ப நாளாகக் கொண்டுவர வேண்டும் என்றுதான் இருந்தான், ஆனால் கொண்டுவரத் தயக்கமாக இருந்தது என்று சுற்றிவளைத்துச் சொன்னான். வேதகிரி சொல்லு தம்பி என்றார்.

ஜாகிர் சொன்னான். ஒரு அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார், முதுகு தெரிகிறது, ரவிக்கையில் வியர்வை. தட்டு வருகிறது, சோறு, குழம்பு, தட்டை வைக்கிற கையில் இரண்டு கண்ணாடி வளையல். கொடியில் ஒரு ஊதாப் புடவை காய்கிறது. இருட்டில் பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதம் தெரிகிறது, போர்வை எட்டவில்லை, அப்புறம் கண் மூடிய ஒரு முகம். மறுபடி அடுப்பு, மறுபடி முதுகு. சொல்லிமுடித்துவிட்டு அவன் தரையைப் பார்த்தான்.

“அவ்ளோதானா?” என்றார் வேதகிரி.

“இவ்ளோதான் நைனா இருந்துச்சு. அல்லா மேல சத்தியமா நான் எதையும் வெச்சுக்கல. நானே ரெண்டு மூணு தபா தேடிப் பார்த்தேன், வேற எங்கனா ஒட்டிக்கினு இருக்குதான்னு. இல்ல.”

அவன் போன பிறகு வேதகிரி தன்னிடம் திரும்பி வந்ததையும் தன்னிடம் இருந்த அடுத்தவளுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று ஒரு பிடிக்குள் அடங்கியது. இன்னொன்று வீடு கொள்ளாமல் இருந்தது. தன்னுடையதில் அவளுக்கு முகம் இருக்கிறதா என்று தேடினார். இருந்தது, செத்துக் கிடந்தபோது பார்த்த முகம். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று அவர் ஒரு நாளும் முடிவு செய்ததில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றுகூட நினைத்ததில்லை. அது எப்போதும் அங்கேயே இருந்தது, அதனால் பார்க்கவில்லை. இனிமேல் கொடுக்கவே கூடாது என்று அன்றைக்கு அவர் முடிவு செய்துகொண்டார்.

இரண்டாவது பிளாக்கில் ரோணிக்கம்மா காலையில் டீ போட்டால் இரண்டு டம்ளரில் ஊற்றினாள். ஒன்று தனக்கு, இன்னொன்று யாருக்கு என்று தெரியாது, கை தானாக ஊற்றிவிடும். ஐஸ் கம்பெனி இப்போது எட்டாத தூரம், வேலை போய்விட்டது, நாள் நீளமாக இருந்தது, அந்த நீளத்தின் நடுவில் எதுவோ இருந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. தொட்டியடியில் எழுந்து நின்று, எனக்கு ஒரு சிநேகிதி இருந்திருக்கிறாள் போல, யாரிடமாவது இருக்கிறாளா என்று கேட்டாள். உன் பக்கத்து வீட்டுச் சம்பூரணம்தானே, எப்போதும் ஒட்டிக்கொண்டே திரிவீர்களே என்று நாலு பேர் சொன்னார்கள். அவர்களிடம் இருந்ததெல்லாம் குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு உருவம். ரோணிக்கம்மா அதைக் கேட்டுக்கொண்டு, அப்படியா, என்றாள், செய்தித்தாளில் படித்த பெயர் மாதிரி. அடுத்த வாரமும் கேட்டாள். அதற்கடுத்த வாரமும் கேட்டாள். மற்றவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, கூட்டம் குறைந்து, சுண்டல்காரன் வேறு இடம் பார்த்துக்கொண்டு போன பிறகும் அவள் தொட்டியடியில் போய் நின்றாள். தன்னுடையது கிடைத்துவிட்டவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுத்த வீட்டு வலியை அவர்கள் சுமந்துகொண்டிருந்த அந்தக் கொஞ்ச காலத்தில்தான் தெரு தெருவாக இருந்தது என்று அலமேலு பிற்பாடு சொல்லுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தொட்டியடியில் ஒருவரும் இல்லாததால் ரோணிக்கம்மா ஒவ்வொரு பிளாக்காக ஏறி இறங்கினாள். வேதகிரியின் கதவைத் தட்டியபோது அவள் கையில் மூடிபோட்ட டம்ளர் ஒன்று இருந்தது. படியேறிய களைப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை லாரி நாளுக்குப் பிறகு அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கன்னம் ஒட்டியிருந்தது.

“தினம் ஒண்ணு மிஞ்சிப்போவுதுண்ணா,” என்றாள். “யாருக்கு ஊத்துறேன்னு தெரியல. நீயாவது குடி.”

வேதகிரி வாங்கிக் குடித்தார். ஆறிப்போயிருந்தது, இஞ்சி நிறையப் போட்டிருந்தது, சம்பூரணத்துக்கு அப்படித்தான் பிடிக்கும் என்பது அவருக்கு ரோணிக்கம்மாவின் ஞாபகத்திலிருந்து தெரியும். பாதி குடித்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார்.

பேசிப் பழக்கமில்லாத மனுஷன் அன்று அந்தி சாயும்வரை பேசினார். குழாயடியிலிருந்து தொடங்கினார். ரேஷன் கடைக்காரரின் மூக்கைச் சொன்னார், மேட்னி ஷோவைச் சொன்னார், கடலையைச் சொன்னார், சுட்ட தார்ரோட்டைச் சொன்னார். சுவரில் விழுந்த தட்டலைச் சொன்னார், தட்டியது யார் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார். ‘உப்பு’ என்று சொல்லும்போது அவர் குரல் தானாகவே அடித்தொண்டைக்குப் போயிற்று, ரோணிக்கம்மா அழுதுகொண்டே சிரித்தாள். உனக்கு அந்த ஆள் மேல் கோபமே வராதா என்று ரோணிக்கம்மா ஒரு தடவை கேட்டதற்கு, அவர் பேசாததையும் சேர்த்து நானே பேசிக்கொள்கிறேன், யாராவது பேசினால் சரிதானே என்று சம்பூரணம் சொன்ன பதிலையும் சொன்னார். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அவரை விட்டுக் கழன்றுகொண்டிருந்தது. எத்தனையோ ஆயிரம் மூட்டைகளை முதுகிலிருந்து இறக்கியவருக்கு, இறக்கும்போது கனம் கூடுகிற சுமை அன்றுதான் தெரிந்தது. எதிரே ரோணிக்கம்மாவின் முகம் விளக்கேற்றுகிற அறை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டிருந்தது.

கரித்திடலுக்கு வந்தார். சைக்கிளைச் சொன்னார், செருகிய புடவையைச் சொன்னார், பாலத்துச் சுவரைச் சொன்னார், கரிக்குவியலில் சரிந்ததைச் சொன்னார். மல்லாந்து கிடந்தவள் வாயைத் திறந்தாள் என்றார். அங்கே நின்றார். திட்டம் போட்டு நிற்கவில்லை. முந்தின வரி வாயில் இருந்தது, அடுத்த வரியும் வாயில் இருந்தது, நடுவில் இருந்ததை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

“அப்புறம் எழுந்துட்டா,” என்றார்.

மிச்சத்தையெல்லாம் முழுசாகச் சொல்லிமுடித்தார். ரோணிக்கம்மா, சம்பூரணம் என்று அந்தப் பேரைத் தெரிந்த பேராகச் சொன்னாள், டம்ளரை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவள் போன பிறகு வேதகிரி வெறும் வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஏதோ கொடுத்திருக்கிறோம், பெரிதாக ஏதோ கொடுத்திருக்கிறோம் என்று மட்டும் தெரிந்தது. அடுப்பு, முதுகு, இரண்டு வளையல், ஊதாப் புடவை, பாதம், கண் மூடிய முகம். அவ்வளவுதான் இருந்தது. அதோடு, எங்கேயோ ஒரு பெண் சிரிக்கும் சத்தம்.

அது அவரைப் பாடாய்ப் படுத்தியது. முகமில்லை, இடமில்லை, எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பது இல்லை. குளிக்கும்போது கேட்டது, லிஃப்டில் தனியாக இறங்கும்போது கேட்டது, சோற்றில் கை வைக்கும்போது கேட்டது. நல்ல சிரிப்புத்தான், கேட்டால் தனக்கும் சிரிக்கத் தோன்றியது, ஆனால் யாருடைய பொருளையோ வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று கூச்சமாக இருந்தது. லாரியில் வந்ததில் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது போலும் என்று எண்ணி, அதுவரை தொட்டியடிப் பக்கமே வராதவர் இறங்கி வந்து, என்னிடம் ஒரு பொம்பளை சிரிப்பு இருக்கிறது, யாராவது தொலைத்தீர்களா என்று பூ விற்கிறவளிடமும் லிஃப்ட் மெக்கானிக்கிடமும் அலமேலுவிடமும் கேட்டார். எப்படிப்பட்ட சிரிப்பு என்றால் சொல்லத் தெரியவில்லை. சிரித்துக் காட்ட வெட்கமாக இருந்தது. சிரிப்பைத் தொலைத்தவர்களா இங்கே ஒருவர் இரண்டு பேர், யாருடையது என்று சொல்ல என்றாள் அலமேலு.

ரோணிக்கம்மா இதைக் கேள்விப்பட்டாள். சம்பூரணம் திரும்பி வந்ததிலிருந்து அவள் உடம்பு தேறியிருந்தது. ஆனால் கரித்திடலை நினைக்கும்போதெல்லாம் ஒரு குறை இருந்தது. சம்பூரணம் மல்லாந்து கிடப்பாள், வாயைத் திறப்பாள், வயிறு குலுங்கும், ஒரு சத்தமும் வராது, சத்தத்தை நிறுத்திவைத்த டிவி மாதிரி. லாரி குலுக்கலில் உதிர்ந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். வேதகிரி சிரிப்பு ஒன்றுக்கு ஆள் தேடுகிறார் என்று அலமேலு சொன்னதும் எங்கே உதிர்ந்தது என்று தெரிந்துவிட்டது. கோபம் வந்தது. உயிரோடு இருக்கும்போது சுவரைத் தட்டித் தட்டி அடக்கினது போதாது, மிச்சமிருந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டாரா என்று நினைத்துக்கொண்டு ஐந்து மாடியும் நிற்காமல் ஏறினாள்.

வேதகிரி நடைவழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும், நல்லவேளை வந்தாய், நாலு பெண்களோடு பழகினவள், இது யாருடையது என்று உனக்காவது தெரியுமா பார் என்றார். முகத்தில் கள்ளம் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை என்பதைப் பார்த்ததும் ரோணிக்கம்மாவுக்கு வந்த கோபம் பாதிப் படியில் நின்றுவிட்டது.

“சிரிச்சுக் காட்டுண்ணா,” என்றாள்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். நடைவழியில் காயப்போட்ட துணிகளைத் தவிர யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தனக்குள் கேட்டதை அப்படியே வெளியே விட்டார். மூட்டை தூக்கிக் கரகரத்துப்போன அந்தக் கிழத்தொண்டையிலிருந்து விக்கல் மாதிரி தொடங்கி, நடுவில் உடைந்து, முடிந்தது என்று நினைக்கும்போது மறுபடி தொடங்கி, சம்பூரணம் சிரித்தாள். கீழ் மாடிகளில் இரண்டு மூன்று கதவுகள் திறந்தன. ரோணிக்கம்மா சுவரில் சாய்ந்து அப்படியே சறுக்கி உட்கார்ந்தாள். அவள் தலைக்குள், கரித்திடலில், இத்தனை நாள் ஊமையாகக் கிடந்தவளுக்குச் சத்தம் வந்தது.

வேதகிரி கண்ணைத் திறந்தபோது அவர் முகம் துடைத்த பலகை மாதிரி இருந்தது. காதுக்குள் தேடுகிறவர் போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இவளிடம்தான் போயிருக்கிறது என்று மட்டும் புரிந்தது. கேட்காமலே இருந்திருக்கலாமோ, அவரிடமே விட்டிருக்கலாமோ என்று ரோணிக்கம்மாவுக்கு அப்போதுதான் தோன்றியது, ஆனால் அவளுடையதை அவள் இனி எப்படிச் சொன்னாலும் அது அவரிடம் போகாது.

யாருடையது என்று அவர் கேட்டார்.

“உன் பொண்டாட்டிதுண்ணா. சம்பூரணத்தோடது.”

அவர் அதை நம்பலாமா வேண்டாமா என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ சிரிப்பாளா?”

ரோணிக்கம்மா பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினாள், அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். கரித்திடலை அவள் முதலிலிருந்து சொன்னாள், தெரியாத ஊர்க்காரருக்குச் சொல்கிற மாதிரி, திடல் எங்கே இருந்தது, சைக்கிள் யாருடையது, புடவையை எப்படிச் செருகினாள் என்று ஒவ்வொன்றாக. வேதகிரி கேட்டுக்கொண்டே வந்தார். முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் கதையைக் கேட்பதுபோலத்தான் இருந்தது, நல்ல பெண்ணாக இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டார், கரிக்குவியலில் விழுந்த இடம் வந்ததும் பதறிப்போனார்.

“அடி பட்டுச்சா?”

பட்டது என்றாள் ரோணிக்கம்மா. முழங்கால் பிய்ந்து ஒரு வாரம் நொண்டிக்கொண்டே நடந்தாள், உன் கண்ணெதிரே அந்த வீட்டுக்குள்ளேதான் நடந்தாள்.

வேதகிரி தன்னிடம் இருந்ததில் அந்த நடையைத் தேடிப்பார்த்தார். அடுப்புக்கு முன்னால் சம்பூரணம் உட்கார்ந்திருந்தாள், முதுகு தெரிந்தது. அவர் காத்திருந்தார். அவள் எழுந்திருக்கவில்லை.